கடைசி மிடறுக்குப் பிறகு

கடற்கரையை ஒட்டிய குடியிருப்புகளில் வாடகைக்குத் தங்கும் கல்லூரி மாணவர்கள் வார இறுதி இரவுகளில் எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவது வழக்கம். அவர்களாக வருவதில்லை, நண்பர்கள் தூக்கி வருகிறார்கள். தூக்கி வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: "போதையில் படுத்துவிட்டான், தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம் டாக்டர்." குடிக்காதே என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் 'தூங்கட்டும்' பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

குடிப்பதை நிறுத்தியதும் போதை ஏறுவதும் நின்றுவிடுவதில்லை. வயிற்றிலும் சிறுகுடலிலும் மிச்சமிருக்கும் மது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. கடைசி மிடறுக்குப் பிறகு அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரைகூட அதன் அளவு ஏறலாம். மளமளவென்று குடித்துவிட்டுச் சாய்ந்தவன், படுத்தபோது இருந்ததைவிட ஒரு மணி நேரம் கழித்து மோசமாக இருப்பது இதனால்தான். கல்லீரலோ அவசரம் தெரியாத அலுவலகக் குமாஸ்தா. ஒரு சிறிய பாட்டில் பீரில் உள்ள மதுவைப் பைசல் செய்யவே அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காபி கொடுத்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அது வேகம் பிடிக்காது. குளிர்ந்த நீர் உடல் வெப்பத்தை இன்னும் இறக்கும், அவ்வளவே.

"நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தான்" என்பதையும் நம்பிவிடாதீர்கள். மூளையில் நினைவுகளைப் பதிக்கும் பகுதி செயலிழந்த பிறகும் ஒருவரால் நடக்க முடியும், வாதாட முடியும், பாடக்கூட முடியும். மறுநாள் கேட்டால் எதுவும் நினைவில் இருக்காது.

கடற்கரைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மற்ற இடங்களில் குடிக்கு ஏதாவது ஒரு கடிவாளம் இருக்கும்: கடைசி பஸ், கடை மூடும் நேரம், வண்டி ஓட்ட வேண்டிய ஒருவன். இங்கே வீட்டிலிருந்து மணலுக்கு நடந்தே போய்விடலாம். யாரும் வண்டி எடுப்பதில்லை என்பதைப் பாதுகாப்பாக நினைக்கிறார்கள், ஓரளவு சரிதான். ஆனால் அதனாலேயே கூட்டத்தில் ஒருவரும் தெளிவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது. நள்ளிரவில் ஒருவனின் மூச்சைக் கவனிக்க வேண்டியபோது, கவனிப்பவனும் அதே நிலையில் இருக்கிறான்.

குடி நண்பகலிலேயே தொடங்கிவிட்டால் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை மது அடக்குவதால் உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். கடற்காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் அதன் இழப்பும் தெரியாது. இரவில் இதற்கு நேர்மாறு. தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால் கதகதப்பாகத் தோன்றும், உள்ளே உடல் குளிர்ந்துகொண்டிருக்கும். ஈர மணலில் ஒருவனைத் தூங்கவிட்டுப் போவதை நான் அதனால்தான் அவ்வளவு கண்டிக்கிறேன்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. பகலில் ஆழமாக இருந்த இடம் இரவில் இடுப்பளவு நீராக இருக்கலாம். அங்கே தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பை முறித்துக்கொள்பவர்களில் இளைஞர்களே அதிகம். கைகால்கள் வாழ்நாள் முழுதும் செயலிழந்துவிடலாம். அப்படி விழுந்தவரின் கழுத்தைத் திருப்பாமல், முகம் நீருக்கு மேலே இருக்கும்படி தாங்கிப் பிடித்து உதவிக்குக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் யாரும் "போதும்" என்று சொல்வதில்லை? 1993இல் டெபோரா பிரெண்டிஸ், டேல் மில்லர் என்னும் உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஆய்வு எனக்குப் பிடித்தமானது. வளாகத்தின் குடிப்பழக்கம் தன்னைச் சங்கடப்படுத்தும் அளவுக்கு மற்றவர்களைச் சங்கடப்படுத்துவதில்லை என்று மாணவர்கள் கருதினார்கள். அதாவது, தயக்கம் பலருக்கும் இருந்தது; தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இனி, படுத்துவிட்ட நண்பனுக்கு வருவோம். தோளை உலுக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறக்காவிட்டால் அது தூக்கம் இல்லை, மயக்கம். நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவாக இருந்தாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அதுவரை மல்லாக்கப் படுக்க வைக்காமல் ஒருக்களித்துக் கிடத்துங்கள். போதையில் தொண்டையின் காப்பு உணர்வு மங்கிவிடுவதால், வாந்தி மூச்சுக்குழாயில் போனால் அதை வெளியேற்ற இருமக்கூட முடியாது. தனியே விட்டுப் போகாதீர்கள்.

வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, கல்லூரியில் பெயர் கெடுமோ என்று தயங்கிப் பொழுது வெளுக்கும்வரை காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனைக்கு வந்த பிறகும் அந்தப் பயத்தால் நடந்ததில் பாதியை மறைக்கிறார்கள். எங்களுக்குத் தேவை சில பதில்கள்தான்: என்ன குடித்தான், எவ்வளவு, எப்போது நிறுத்தினான், எங்கேயாவது விழுந்தானா. பக்கத்தில் மாத்திரை அட்டை கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். தூக்க மாத்திரையோ வீரியமான வலி மாத்திரையோ மதுவோடு சேர்ந்திருந்தால் மூச்சு இன்னும் சீக்கிரம் அடங்கும். நாங்கள் கொடுக்க வேண்டிய மருந்தும் மாறும்.