ஐந்தரை மணி நேரம் எங்கே போனது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்த்து லினக்ஸும் போட்டேன். இரண்டும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் ராத்திரி எட்டு மணிக்கு மதியம் இரண்டரை என்று காட்டுகிறது. கடையில் உள்ளே கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடலாமா சார்?"

வேண்டாம் தம்பி, காசை வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே சரியாக ஐந்தரை மணி நேரம். பேட்டரி செத்தால் கடிகாரம் இப்படிக் கணக்காகத் தப்பாது. பல வருடம் பின்னால் போய் ஏதோ ஒரு பழைய தேதியில் நிற்கும்.

இரண்டு ஓ.எஸ்., அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள், ஒரே கணினியில் குடியிருப்பது பெரிய வித்தையில்லை. டிஸ்கைப் பாகம் பிரித்து ஆளுக்கொரு பார்ட்டிஷன் கொடுக்கிறோம். சுவிட்சைப் போட்டதும் மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான யூஇஎஃப்ஐ விழித்து, எந்த ஓ.எஸ். என்று தேர்வு காட்டும் கிரப் என்ற சிறு நிரலை அழைக்கிறது. கிரப் எது வேண்டும் என்று கேட்கிறது. தேர்ந்தது எழும், மற்றது டிஸ்கிலேயே கிடக்கும். சரி, டிஸ்கைப் பிரித்தாயிற்று. கடிகாரத்தை எப்படிப் பிரிப்பது? அது ஒன்றுதான் இருக்கிறது.

அந்தக் கடிகாரத்தைத்தான் நான் இன்று சொல்ல வேண்டும். போன மாதம் வியாசர்பாடியில் தங்கை வீட்டு டெஸ்க்டாப்பைத் திறந்தபோது மறுபடியும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய மூன்று வோல்ட் பேட்டரி. பக்கத்தில் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக, பளபளவென்று ஓர் உலோகக் குழாய். அதற்குள் இசைக்கவை (தட்டினால் ஒலிக்கும் இரட்டை முள் கருவி) வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம். குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அது நெளியும் என்பது மறுபக்கம். இந்தக் கவை நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது.

ஏன் அந்த எண்? இரண்டால் வகுத்துப் பாருங்கள். 16,384. அப்புறம் 8,192. அப்புறம் 4,096. இப்படிப் பதினைந்து முறை வகுத்தால் மிச்சமில்லாமல் 1 வரும். இரண்டு துடிப்புக்கு ஒரு துடிப்பை மட்டும் விடும் மின்சுற்றுதான் மின்னணுவியலில் மிக எளிதானது. அப்படிப் பதினைந்தை வரிசையாகக் கோத்தால் கடைசியில் நொடிக்கு ஒரு துடிப்பு. கணினியின் பிளக்கைப் பிடுங்கி பரணில் போட்டாலும், அந்தப் பொட்டு பேட்டரியை வைத்து வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இந்தத் துடிப்புகளை எண்ணும் கடிகாரச் சிப்பில் வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி எழுத இடம் உண்டு. எந்த ஊர் நேரம் என்று எழுத மட்டும் இடமில்லை. ஐபிஎம் 1984இல் ஏடி என்ற கணினியில் இதை வைத்தபோது, விண்டோஸுக்கு முந்தைய ஓ.எஸ். ஆன டாஸ் அதை உள்ளூர் நேரமாகவே படித்தது. விண்டோஸ் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. யூனிக்ஸ் என்ற பழைய ஓ.எஸ். வம்சத்து லினக்ஸோ அதை, நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரமாக எடுத்து, நமக்குக் காட்டும்போது ஐந்தரை கூட்டிக்கொள்ளும். அதனால் ராத்திரி எட்டு மணிக்கு லினக்ஸ் சிப்பில் 2.30 என்று எழுதி வைக்கிறது. விண்டோஸ் வந்து அதை அப்படியே படிக்கிறது. விண்டோஸ் இணையத்தைக் கேட்டுத் திருத்தி 8.00 என்று எழுதினால், அடுத்து எழும் லினக்ஸ் ஐந்தரை கூட்டி, காசிமேட்டில் படகுக்காரர்கள் எழுந்திருக்கும் ஒன்றரை மணியைக் காட்டும்.

இந்தக் குழப்பம் நம் நாட்டுக்குப் புதிதில்லை. ராயபுரம் ஸ்டேஷன் 1856இல் திறந்தது. இந்தியப் பொது நேரம் வந்தது 1906இல்தான். அதற்கு முன் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. பம்பாய் நேரம் அதைவிட ஏறக்குறைய அரை மணி பின்னால். அங்கே ரயிலுக்குப் போகிறவர் எந்தக் கடிகாரம் யாருடையது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்புகளில் விண்டோஸும், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. நான் பார்த்த பிள்ளைகளில் பலர் லினக்ஸ் பக்கமே போகவில்லை. எப்படிப் போவது என்று யாரும் காட்டவில்லை. இயந்திரத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கையாவது அதைச் சொல்லிக்கொடுக்கவும், நம் நாட்டு மென்பொருளைத் தொடர்ந்து வளர்க்கவும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் லேப்டாப். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம், ஆனால் அப்படிச் செய்தால் லினக்ஸே எச்சரிக்கும். விண்டோஸை மாற்றுவதே மேல். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், நேர மண்டலத் தகவல் (TimeZoneInformation) உள்ள இடத்தில் 'ரியல்டைம்ஈஸ்யுனிவர்சல்' (RealTimeIsUniversal) என்று, ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல், ஒரு டிவேர்டு (DWORD, எண் மதிப்பு வைக்கும் பதிவு) சேர்த்து மதிப்பை 1 ஆக்குங்கள். தொடும் முன் ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு லினக்ஸில் ஒருமுறை நேரத்தைச் சரிசெய்துவிட்டு விண்டோஸுக்கு வாருங்கள். எட்டு மணி எட்டாகவே இருக்கும்.