நனைந்த கைபேசியும் அரிசி டப்பாவும்

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளன்று ஆற்றுக்குப் போனவர்கள் நனையாமல் திரும்புவது அரிது. தங்கக் குதிரையில் வரும் அழகர் மீது துருத்தியால் தண்ணீர் பீய்ச்சுவது பலருக்கு நேர்த்திக்கடன். குறி அழகராகவே இருந்தாலும் பாதித் தண்ணீர் கூட்டத்தின் தலையில்தான் விழும். வேட்டியும் சட்டையும் வீடு வந்து சேர்வதற்குள் சித்திரை வெயிலில் காய்ந்துவிடும். சட்டைப் பையில் இருந்த கைபேசி அப்படிக் காய்வதில்லை. மூன்றாம் நாள், கோரிப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான ஒரு சிறிய கடையில், தண்ணீர் பட்ட செட்டுகள் ஒரு தட்டு நிறையக் கிடந்தன. அவற்றுள் என்னுடையதும் ஒன்று. கடைக்காரத் தம்பி சார்ஜர் செருகும் துளைக்குள்ளிருந்து இடுக்கியால் ஓர் அரிசிக் குருணையை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, "டப்பாவுல எத்தன நாள் வச்சிருந்தீங்கண்ணே?" என்று கேட்டார். அரிசி ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று நம்பி இரண்டு நாள் வைத்திருந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் நம் கைபேசி தூய நீரில் விழுவதில்லை. மதுரையில் போர் தண்ணீர் காய்ச்சும் எந்தப் பாத்திரத்தின் அடியையும் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பு தெரியும். கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் அவை. கரைந்த நிலையில் அவை அயனிகளாக, அதாவது மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரிந்து நிற்கின்றன. மின்னோட்டத்தைச் சுமந்து செல்பவை இந்த அயனிகளே. வியர்வையில் அவை இன்னும் அதிகம், கடல் நீரில் மிக மிக அதிகம். ஜிகர்தண்டா கொட்டினால் பாலும் சர்க்கரையும் சேர்ந்து பிசினாக ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் வேலையை இரட்டிப்பாக்கும்.

நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். கைபேசியின் பேட்டரியோ முழுதாக ஏறிய நிலையில் 4.2 வோல்ட்டுக்கு மேலேகூட நிற்கும். போர்டில், அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில், மின்சாரம் வரும் தடமும் அதன் பக்கத்திலுள்ள தரைத் தடமும் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட விலகியிருப்பதில்லை. அந்த இடைவெளியில் ஒரு துளி உப்புத் தண்ணீர் நின்றால், முலாம் பூசும் பட்டறையின் தொட்டி அங்கே சிறு அளவில் உருவாகிவிடுகிறது. பட்டறையில் நேர்முனையில் தொங்கும் செம்புத் தகடு கரைந்து, எதிர்முனையில் உள்ள பொருளின் மேல் படிகிறது. போர்டிலும் அதுவேதான்: நேர்முனைத் தடத்தின் செம்பு கரைந்து, அயனியாக நகர்ந்து, எதிர்முனையில் மீண்டும் உலோகமாகிறது. ஒரே சீராகப் படியாமல், பெரணி இலை போலக் கிளை கிளையாக வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொடும்போது அந்தத் தடம் ஷார்ட் ஆகிறது. மறுபுறம், கரைந்துகொண்டே வந்த மெல்லிய தடம் ஒரு கட்டத்தில் அறுந்துபோகிறது. பழுதுநீக்குவோர் மைக்ரோஸ்கோப்பில் காணும் பச்சைப் பூஞ்சை போன்ற படிவு, செம்பு குளோரைடுடனும் காற்றுடனும் சேர்ந்து உண்டாக்கிய உப்பு.

இந்த வேலைக்கு மின்னழுத்தம் வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். பேட்டரி இணைப்பே இல்லாத போர்டு நனைந்தால் அரிப்பு மெதுவாகவே நடக்கும். பேட்டரி இணைந்த போர்டில் அது நிமிடக் கணக்கில் தொடங்கிவிடலாம். ஆகவே நனைந்தவுடன் அணைத்துவிடுவது முதற்கடமை. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய கைபேசியில் அணைக்கும் பொத்தான், வீட்டுச் சுவிட்ச் போல மின்சுற்றை வெட்டுவதில்லை. அணைத்துவிடும்படி மின்மேலாண்மைச் சில்லுக்கு ஒரு செய்தியைத்தான் அது அனுப்புகிறது. அணைத்த பின்னும் அந்தச் சில்லு வரை பேட்டரியின் முழு மின்னழுத்தம் வந்து நிற்கிறது, கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்மூடியை நகத்தால் நெம்பி பேட்டரியைக் கையில் எடுத்துவிட முடிந்த பழைய நோக்கியா செட்டுகள், இந்த ஒரு விஷயத்தில் நம் விலையுயர்ந்த கைபேசிகளைவிடப் பாதுகாப்பானவை என்றே சொல்வேன்.

இப்போது அரிசிக்கு வருவோம். டப்பாவில் உள்ள அரிசியிலேயே எடையில் ஏறத்தாழ 12 முதல் 14 விழுக்காடு ஈரம் இருக்கிறது. அது மேற்கொண்டு உறிஞ்சுவது குறைவு. சிலிகா ஜெல் இதைவிட நன்றாக உறிஞ்சும். ஆனால் இரண்டும் கைபேசிக்கு வெளியே இருக்கின்றன. தண்ணீர் தங்கியிருப்பதோ உலோகக் கவசத்துக்குள், ஐசி எனப்படும் சில்லுக்கும் போர்டுக்கும் இடையே உள்ள, இரண்டு மூன்று தலைமுடி அளவுச் சந்தில். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல அந்தச் சந்து தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அது ஆவியாகி, ஒலிபெருக்கித் துளை வழியே வெளியேறி, அதன் பிறகுதான் அரிசியைச் சந்திக்க வேண்டும். அப்படியே முழுதும் ஆவியானாலும் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடும். காற்றில் உள்ள ஈரம் பட்டால் அது மறுபடி கசிந்து, மறுபடி கடத்தும். பத்து நாள் நன்றாக ஓடிய செட் பதினோராம் நாள் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அரிசித் துகள் கைபேசிக்குச் சேதம் விளைவிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எச்சரித்தது 2024இல் செய்தியானது. அரிசியில் வைத்துப் பிழைத்த கைபேசிகள் இல்லையா என்றால், உண்டு. இரண்டு நாள் அணைத்து மேசை மேல் வைத்திருந்தாலும் அவை பிழைத்திருக்கும். பெயர் அரிசிக்குப் போய்விட்டது.

மொட்டை மாடி வெயிலில் காய வைப்பது அதைவிட மோசம். லித்தியம் அயனி பேட்டரி உள்ள கைபேசிகளை 45 டிகிரி செல்சியசுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது தயாரிப்பாளர்கள் பலரின் அறிவுரை. மதுரைக் கோடை வெயிலில் கிடக்கும் கறுப்புக் கண்ணாடி அந்த வரம்பை எளிதில் தாண்டும். தலைமுடி உலர்த்தியின் சூடான காற்று, துளை வாயிலில் நிற்கும் நீரை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அணைத்து, உறையையும் சிம் தட்டையும் எடுத்துவிட்டு, துணியால் துடைத்து, சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்ட வேண்டும். பிறகு மின்விசிறிக் காற்றில் வைக்கலாம். வேலை செய்கிறதா என்று பார்க்க சார்ஜர் செருகுவதுதான் பல செட்டுகளின் கடைசிக் காட்சி: ஈரமான துளைக்குள் 5 வோல்ட்டைக் கொண்டுபோய் நாமே விடுகிறோம்.

மீட்பு என்ற சொல் உண்மையில் பொருந்துவது கடையில் நடப்பதற்கே. தம்பி முதலில் பின்கண்ணாடியைக் கழற்றி பேட்டரியின் இணைப்பானைப் பிடுங்கினார். அந்த நொடியில்தான் என் கைபேசி மெய்யாகவே அணைந்தது. கவசத் தகடுகளைத் திறந்ததும் சார்ஜிங் பகுதியில் ஓர் அரிசி மணி அளவுக்குப் பச்சை தெரிந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலை, கடைவழக்கில் ஐபிஏவை, ஊற்றி மென்தூரிகையால் தேய்த்தார். நீரின் பரப்பு இழுவிசையில் மூன்றில் ஒரு பங்கு அளவே ஐபிஏவுக்கு இருப்பதால் நீர் விட்டுக்கொடுக்காத சந்துக்குள்ளும் அது நுழைகிறது, நீருடன் கலந்து அதை வெளியே கொண்டுவருகிறது, சுமார் 82 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம் என்பதால் சீக்கிரம் பறந்தும்விடுகிறது. ஆனால் உப்பைக் கரைப்பதில் அது கெட்டிக்காரத் திரவம் அல்ல. உப்பைக் கரைக்க நீரே சிறந்தது என்பதால், மோசமாகப் பாதித்த போர்டை முதலில் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, பிறகு ஐபிஏவில் அலசுவது உண்டு. தண்ணீரில் கெட்டதைத் தண்ணீரிலேயே கழுவுவது வேடிக்கையாகத் தோன்றினாலும் வேதியியல் அப்படித்தான்.

கழுவிய போர்டை டிசி பவர் சப்ளையில் மாட்டினார். பொத்தானை அழுத்தாதபோது நல்ல போர்டு ஏறத்தாழ எதையும் இழுக்காது. மின்னோட்டம் காட்டும் முள் எழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். என்னுடையதில் முள் சற்றே எழுந்தது. போர்டின் மேல் ரோசின் என்ற மரப்பிசினின் புகையை வெண்மையாகப் படியவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்தபோது, ஒரு சிறு கெப்பாசிட்டரின் மேல் மட்டும் வெண்மை உருகிக் கண்ணாடியானது. சூடாவது அதுதான். அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்.

என் கைபேசி ஐபி68 ஆயிற்றே என்று கேட்டேன். அந்த எண்கள் ஐஇசி 60529 என்ற தரநிலையின்படி தரப்படுபவை. இரண்டாவது எண் தண்ணீருக்கானது: 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம்; 8 என்றால் அதைவிடக் கடுமையாக, தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆழமும் நேரமும். சோதனை புதிய செட்டில், அசையாத நன்னீரில் நடக்கிறது. ஓரத்துப் பசை நாளாக ஆக இறுகிப்போகும், ஒருமுறை கீழே விழுந்தால் விலகும், டிஸ்பிளே மாற்றினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. என்னுடையது போன வருடம்தான் டிஸ்பிளே மாற்றியது.

திரை ஒளிர்ந்ததும் நான் கையை நீட்டினேன். அவர் உடனே தரவில்லை. "ஐசிக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாதுண்ணே. மொதல்ல போட்டோ, நம்பர் எல்லாத்தையும் வேற எதுலயாவது ஏத்திருங்க" என்று சொல்லி, கடையின் வைஃபையில் இணைத்து மேசை மேலேயே வைத்துவிட்டார்.