மீன் கழிவுக்கு மணி பார்க்க வேண்டும்

காலை எட்டரை மணி. சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டித் தரும் அக்காவின் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடை. செதில், செவுள், குடல், பாரைத் தலை எல்லாம் அதற்குள்தான் விழுகின்றன.

"இதெல்லாம் எப்ப வெட்டுனதுக்கா?"

"அஞ்சு மணிக்கு வெட்டுனதும் கீது, இப்ப வெட்டுனதும் கீது. ஒரே கூடதானே தம்பி."

மீன் கழிவை எங்கே கொட்டுவது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, வெட்டி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது. நேரம் ஓட ஓட, கழிவை உருப்படியாக மாற்றும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும்.

மீன் செத்தாலும் குடலிலுள்ள செரிமான நொதிகள் சாவதில்லை. அவை மீனின் சதையையே கரைக்கத் தொடங்கும். கரைந்த சதை பாக்டீரியாவுக்கு விருந்து. கடல் மீனின் உடம்பில் ட்ரைமெத்திலமின் ஆக்சைடு என்றொரு பொருள் உண்டு. அதற்கு வாடை கிடையாது. பாக்டீரியா அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டால் மிஞ்சுவது ட்ரைமெத்திலமின். நாம் கவிச்சி என்று மூக்கைப் பொத்துவது பெரும்பாலும் அதைத்தான். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் இதோடு ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளும் சேரும். ஒருமுறை உண்டானால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதனால்தான் கெட்டுப்போன கழிவை கோழித் தீவனத்துக்கான மீன் தூள் ஆலைக்கு அனுப்பக் கூடாது. வேகவைத்துப் பிழிந்து உலர்த்தினால் நாலைந்து டன்னிலிருந்து ஒரு டன் தூள் கிடைக்கும், ஆனால் கெட்ட கழிவில் செய்த தீவனம் கோழியின் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடும்.

ஆலை பக்கத்தில் இல்லையா? எனக்குப் பிடித்த வழி அமிலக் கூழ். கழிவை அரைத்து, எடையில் சுமார் மூன்று சதவீதம் ஃபார்மிக் அமிலம் சேர்த்துக் கிளறி, பிளாஸ்டிக் டிரம்மில் மூடி வைப்பார்கள். சில வகை எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம்தான். புளிப்பு கூடக் கூடக் குறையும் பிஹெச் அளவு நான்குக்குக் கீழே இறங்கியதும் அழுக வைக்கும் பாக்டீரியா அடங்கிவிடும். குடல் நொதிகளில் சிலவற்றுக்கோ புளிப்பு என்றால் கொண்டாட்டம். நம் ஊர் வெயிலில் சில நாட்களிலேயே தலையும் சதையும் கஞ்சி போலக் கரைந்து, எண்ணெய் மேலே மிதக்கும். கெட்டுப்போகக் காரணமான குடலே இங்கே வேலைக்காரன், அதை எடுத்துவிட்டால் கரைவது மந்தமாகிவிடும். முக்கியம் கிளறுவது. அமிலம் எட்டாத ஒரு கைப்பிடி உள்ளே கிடந்தாலும் அங்கிருந்து அழுகல் தொடங்கும். அமிலத்தைக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. இரும்பு டிரம் வேண்டாம், அரித்துவிடும்.

வீட்டுத் தோட்டக்காரர்கள் செடிக்கு உரமாக வைக்கும் மீன் அமிலம் இதன் எளிய உறவு. கழிவும் வெல்லமும் சம எடை. வெல்லம் கழிவிலுள்ள நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியா அந்தச் சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்கும். முதல் தடவை வெல்ல விலையைப் பார்த்து நான் கால் பங்குதான் போட்டேன். அதுவும் மூன்று நாள் பழைய கழிவு. உள்ளே அழுகி வாயு சேர்ந்து, ஒரு மதியம் வாளி மூடி எகிறி மொட்டை மாடிச் சுவரில் அடித்தது. மாடி வீட்டம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சரியாகப் போட்டால் மூன்று வாரத்தில் கவிச்சி அடங்கிப் பழ வாசனை வரும்.

அழுகத் தொடங்கிய கழிவுக்கு மிஞ்சுவது மக்க வைப்பது. மீனில் நைட்ரஜன் அதிகம், கார்பன் குறைவு. தென்னை நார்க்கழிவோ மரத்தூளோ தாராளமாகச் சேர்த்து, குவியலின் உள்சூடு 55 டிகிரியை மூன்று நாளாவது தாண்ட விட வேண்டும். கண்ணைக் கரிக்கும் அமோனியா வாடை வந்தால் நார் போதவில்லை என்று அர்த்தம். கடற்கரை மணலில் குழி தோண்டிப் புதைப்பதை நான் வழியாகவே எண்ணுவதில்லை. இரவில் நாய் தோண்டும், சாறு மணல் வழியே கிணற்றுக்கு இறங்கும். இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற, தொழிற்சாலைகளுக்குப் பயன்படும் பொருளை எடுக்கலாம். அதற்கு அமிலமும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் நிறைய வேண்டும், அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆலை இருந்தால்தான் அது பாதுகாப்பு.

"கடல்ல வந்தது கடலுக்கே போகட்டும்" என்பார்கள். பாதி உண்மை. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1996 லண்டன் நெறிமுறையே, அனுமதி பெற்றுக் கொட்டக்கூடிய பொருட்களில் மீன் கழிவைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அது நீரோட்டமுள்ள திறந்த கடலுக்கான பேச்சு. துறைமுகத்துக்குள் கணக்கே வேறு. ஒரு கிலோ கழிவில் புரதம் ஏறக்குறைய 150 கிராம் என்று வைப்போம். அதைச் சிதைக்க பாக்டீரியாவுக்கு 200 கிராம் ஆக்சிஜனாவது வேண்டும். 30 டிகிரி கடல்நீரில் லிட்டருக்குக் கரைந்திருப்பதோ ஆறு மில்லிகிராம் அளவுதான். முப்பதாயிரம் லிட்டருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட மூன்று தண்ணீர் லாரி நீரிலுள்ள ஆக்சிஜன் மொத்தமும் ஒரு கிலோவுக்கே சரியாகிவிடும். அலைத்தடுப்புச் சுவருக்குள் நீர் மாறுவதும் மெதுவாகத்தான். படகுகளுக்கிடையே தண்ணீர் கறுத்துக் குமிழி விடுவது இதனால்தான்.

அந்தக் குமிழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். படகின் மீன் அறையிலோ மூடிய கழிவுத் தொட்டியிலோ ஆக்சிஜன் தீர்ந்த பிறகு உண்டாகும் வாயு அது. காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டியதும் மோப்ப நரம்பு மரத்துவிடும். "நாத்தம் போயிடுச்சு" என்று உள்ளே இறங்குபவர் சில மூச்சிலேயே விழலாம். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். மூடியைத் திறந்து, மின்விசிறி வைத்து வெளிக்காற்றை உள்ளே அடித்து, வாயு அளவுமானியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மறுமுனையைப் பிடித்து மேலே இரண்டு பேர். அவர் கீழே விழுந்தால் மேலே இருப்பவர்கள் கயிற்றைத்தான் இழுக்க வேண்டும், இறங்கக் கூடாது.