கமிஷனிங் என்றால் பணியமர்த்தலா?

கோவை அவிநாசி சாலையில் புதிதாக எழும்பியிருக்கும் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். யாருக்கு என்ன பொறுப்பு என்று வாசலில் இரு மொழிப் பலகை. 'கமிஷனிங் அத்தாரிட்டி' என்பதற்குத் தமிழில் 'பணியமர்த்தல் அலுவலர்' என்று போட்டு, ஒரு பொறியாளரின் பெயரும் கைபேசி எண்ணும். கட்டடத்தின் இயந்திரங்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பவர் அவர். வேலை கேட்டு அவருக்குத் தினமும் அழைப்பு வருகிறதாம், பாவம். இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது நாலாவது முறை.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'கொம்மித்தெரே' என்றால் ஒருவர் பொறுப்பில் ஒப்படைப்பது. விசாரணைக் கமிஷன், ராணுவ அதிகாரி பெறும் கமிஷன், ஈரோட்டு மஞ்சள் மண்டியில் பிடிக்கிற கமிஷன் எல்லாம் அதன் பிள்ளைகள்தான். போர்க்கப்பலைக் கடற்படையில் சேர்ப்பதும் கமிஷனிங். மின்நிலையத்துக்கும் கட்டடத்துக்கும் அந்தச் சொல்லே வந்துவிட்டது. வேர் இவ்வளவு போதும். (மண்டி வைத்திருந்த என் பெரியப்பாவிடம் கட்டடத்துக்குக் 'கமிஷனிங் ஏஜென்ட்' உண்டு என்று சொன்னபோது, "எத்தன பர்சன்ட் கண்ணு?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.)

கட்டடத்தில் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது? நம் ஊரில் போர்வெல் மோட்டார் இறக்குகிற பிட்டரைப் பாருங்கள். ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் வரும். ஆனாலும் அவர் கிளம்ப மாட்டார். மூன்று பேஸில் இரண்டு இடம் மாறியிருந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஏறும், வேகம்தான் இருக்காது. ஆம்பியர் பார்ப்பார், பேஸை மாற்றிக் கொடுத்துப் பார்ப்பார். "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்பார். கமிஷனிங் அதுதான்.

பெரிய கட்டடத்தில் அந்த மோட்டாரின் இடத்தில் ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், காற்றைக் கையாளும் யூனிட், பம்ப், விளக்குச் சென்சார், சோலார் என்று நூறு சாமான். வெளிக்காற்றை உள்ளே விடும் டேம்பர் என்ற தடுப்புக் கதவின் இணைப்பு மாறிப்போனால், மூட வேண்டிய நேரத்தில் திறந்துகொள்ளும். உள்ளே குளிரத்தான் செய்யும். சில்லர்தான் மாடாக உழைக்கும். கரண்ட் பில்லைத் தவிர வேறெதுவும் காட்டிக் கொடுக்காது. அதனால்தான் அமெரிக்காவின் லீட் என்ற பசுமைக் கட்டடத் தரச்சான்றில், 4ஆம் பதிப்பின்படி, அடிப்படைக் கமிஷனிங் இல்லாமல் சான்றிதழே கிடையாது. மேம்பட்ட கமிஷனிங் செய்தால் 6 புள்ளி வரை தனியாக உண்டு. செய்கிறவர் இதே அளவு வேலையைக் குறைந்தது 2 கட்டடங்களில் செய்து பழகியிருக்க வேண்டும். கட்டட உரிமையாளர் என்ன கேட்டார் என்ற தாளில் தொடங்கி, வரைபடம், பொருத்துதல், ஓட்டம், ஆபரேட்டருக்குப் பயிற்சி வரை எல்லாவற்றையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை.

இப்போது 'பணியமர்த்த'லுக்கு வருவோம். கப்பலுக்கு அது பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். கப்பல் உண்மையிலேயே பணியில் சேர்கிறது. அகராதியில் கப்பல் வரியைப் பிடித்து ஏசி மெஷினுக்கு ஒட்டவைத்தவர் ஒரு தடவையாவது பிளான்ட் ரூமுக்குள், அதாவது இயந்திர அறைக்குள், கால் வைத்திருப்பாரா? தமிழ்நாட்டில் பணியமர்த்தல் என்றால் ஆள் எடுப்பது. திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனி வாசலில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். சொல் தூய தமிழ்தான், யார் இல்லை என்றது? ஆனால் படிப்பவனைத் தப்பான கதவுக்கு அனுப்புகிற தூய்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதற்குப் பதில் 'கமிஷனிங்' என்றே எழுதிவிட்டுப் போகலாம். இன்னும் சிலர் 'ஆணையிடல்' என்று எழுதுகிறார்கள். யார் யாருக்கு ஆணையிடுகிறார், பம்புக்கா?

'தொடங்கி வைத்தல்' அமைச்சர் பொத்தானை அழுத்துவதற்குச் சரி. 'ஒப்படைத்தல்' வேருக்கு நெருக்கம், ஆனால் சாவியைக் கையில் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு மனசு சாய்ந்தது 'வெள்ளோட்டம்' மேல்தான். புதுத்தேரைச் சாமி ஏற்றாமல் இழுத்து, சக்கரமும் அச்சும் தாங்குகிறதா என்று பார்ப்பது. எவ்வளவு அழகான சொல்! ஆனால் வெள்ளோட்டம் ஒருநாள் வேலை. மேம்பட்ட கமிஷனிங்கில் பருவம் மாறும்போது மறுபடி சோதிக்க வேண்டும், வேலை முடிந்த 10ஆம் மாதம் ஒருமுறை வந்து பார்க்கவும் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசும்போது ஜம்மென்று ஓடுகிற ஏசி, சித்திரை வெயிலில் என்ன பாடு படும் என்று ஆடியில் தெரியாது. எனவே வெள்ளோட்டத்தை இதன் ஒரு கட்டத்துக்கு, ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு, வைத்துக்கொள்ளலாம்.

முழு வேலைக்கு நான் எழுதுவது 'ஓட்டிச் சரிபார்த்தல்'. பிட்டரின் வாயிலிருந்து பாதி, மீதி நான் சேர்த்தது. ஏட்டுத்தமிழ் வேண்டுமென்பவர் 'இயக்கச் சரிபார்ப்பு' என்று எழுதட்டும், எனக்குச் சண்டை இல்லை. அத்தாரிட்டியை 'இயக்கச் சரிபார்ப்பாளர்' என்றால் வேலை கேட்டு யாரும் போன் பண்ண மாட்டார்கள்.

ஒரு சிக்கல் பாக்கி. ஒருமுறை சரிபார்த்த கட்டடத்தை மறுபடி பார்ப்பது மறுசரிபார்ப்பு, சரி. ஆனால் இங்குள்ள பழைய மில்களைப் போல முதல்முறையே பார்க்கப்படாதவற்றை இப்போது பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரெட்ரோ கமிஷனிங்' என்று தனிப்பெயர் உண்டு. அங்கே 'மறு' போட முடியாது. 'பின்னோட்டச் சரிபார்ப்பு' என்று எழுதிப் பார்த்தேன், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுவது போலிருந்தது. அடித்துவிட்டு, இப்போதைக்குப் 'பிற்காலச் சரிபார்ப்பு' என்று எழுதி வருகிறேன்.