கனவு இல்லம்: குடிசையை இடிக்கும் முன் இதைப் படியுங்கள்

கிராமப்புறக் குடிசைகளுக்குப் பதிலாக 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள். ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், அளவு 360 சதுர அடி. தமிழ்நாடு அரசு 2024 பட்ஜெட்டில் அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் இவ்வளவுதான். அலைச்சல் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

பலர் கோட்டைவிடுவது கூரையில். மழைக்கு ஒழுகுகிறது என்று கடன் வாங்கிக் கீற்றைப் பிரித்துத் தகர ஷீட் போடுகிறார்கள். திட்டம் குடிசைக்கு மட்டும் என்பதால், கணக்கெடுக்க வருபவர் ஷீட்டைப் பார்த்ததும் பெயரை விட்டுவிடுகிறார். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்தின் கீழ் கைக்குழந்தையைப் படுக்கவைக்க முடியாது. ஆனாலும் காகிதத்தில் அது குடிசையைவிட மேலான வீடு! பயனாளிகள் பட்டியல் முடிவாகும்வரை கீற்றை மாற்றுங்கள், தார்ப்பாய் போடுங்கள், ஷீட் வேண்டாம்.

அடுத்தது பட்டா. இறந்துபோன அப்பா பெயரிலோ, அண்ணன் தம்பிகளின் கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் "தாலுகா ஆபீசுக்குப் போங்கள்" என்பார்கள். அங்கே போனால் "வி.ஏ.ஓ.வைப் பாருங்கள்" என்பார்கள். கணக்கெடுப்பு வரும்வரை காத்திருக்காமல், வாரிசுச் சான்றிதழுக்கும் பெயர் மாற்றத்துக்கும் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பட்டியலில் பெயர் இல்லையா? வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே பதில் வரும், அதுவும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் நடக்கும் கிராம சபையில் எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். அங்கே நகரவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள், மனு எண் இல்லாமல் திரும்பாதீர்கள். பெயர் சேர்க்கப் பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள்.

வீடு கட்ட அனுமதிக்கும் பணி ஆணை கைக்கு வரும்முன் குடிசையை இடிக்கவே கூடாது. இடித்துவிட்டுக் கோடையைத் தார்ப்பாய்க்குள் கழித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் மொத்தமாக வராது; அடித்தளம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை), கூரை என்று கட்டம் கட்டமாக, அளவெடுத்த பிறகே வரும். அளவெடுக்கும் ஓவர்சியர் வராத ஒவ்வொரு வாரமும் கடனுக்கு வட்டி ஓடும். ஒவ்வொரு கட்டமும் முடிந்த அன்றே தேதியுடன் போட்டோ எடுத்து எழுதிக் கொடுங்கள்.

யாரும் சொல்லித் தராத ஒன்று வெப்பம். கீற்றுக் கூரை வெயிலைத் தாங்கும். கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவில் வீட்டுக்குள் இறக்கும். 360 சதுர அடியில் 300-க்குத்தான் கான்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காத வேறு பொருளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இடம் இருந்தால் அந்தப் பகுதியை மேற்கில் வையுங்கள், மாலை வெயில் பெரிய சுவரில் நேராக விழாது. ஜன்னல்களை எதிரெதிராக வைக்கச் சொல்லி அஸ்திவாரம் தோண்டும்போதே மேஸ்திரியிடம் பேசிவிடுங்கள். கையில் காசு தீர்ந்து மாடித் தளத்தில் தட்டை ஓடு பதிக்க முடியாவிட்டால், ஒவ்வொரு பங்குனியிலும் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடித்துவிடுங்கள்.