கடற்பன்றி: ‘போர்பாய்ஸ்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

ஆங்கிலத்தில் போர்பாய்ஸ் என்று வரும், திமிங்கல வகையைச் சேர்ந்த சிறிய கடல் பாலூட்டியைத் தமிழில் பலரும் டால்பின் என்றே எழுதிவிடுகிறார்கள். அது தவறு. இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். டால்பினுக்கு ஓங்கில் என்ற சொல் இருக்கிறது. போர்பாய்சுக்குக் கடற்பன்றி என்பதே பொருத்தம்.

இலத்தீனில் ‘போர்க்குஸ்’ என்றால் பன்றி, ‘பிஸ்கிஸ்’ என்றால் மீன். இரண்டும் சேர்ந்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஜெர்மன்காரர்கள் இதைப் பன்றித் திமிங்கலம் என்கிறார்கள். டேனிஷ் மொழியின் ‘மார்ஸ்வின்’ அப்படியே கடற்பன்றிதான். உருண்டு திரண்ட உடல், அலகு நீளாத மழுங்கிய முகம், நீர்மட்டத்துக்கு வந்து ‘புஸ்’ஸென்று விடும் மூச்சு: பார்த்தவர்களுக்குப் பன்றி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. சந்தேகம் வந்தால் பல்லைப் பாருங்கள். ஓங்கிலுக்குக் கூம்புப் பல். கடற்பன்றிக்கு மண்வெட்டி போலத் தட்டையான பல்.

சரி, இவற்றில் ஓர் இனமான ‘ஹார்பர் போர்பாய்ஸ்’ என்பதை எப்படிச் சொல்வது? துறைமுகக் கடற்பன்றி என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கப்பலும் கிரேனும்தான் மனத்தில் வரும். வட அட்லாண்டிக், வட பசிபிக், கருங்கடல் பகுதிகளில், குளிர்ந்த ஆழமில்லாக் கரைக்கடலிலும் விரிகுடாக்களிலும் கழிமுகங்களிலும் திரிவதால் வந்த பெயர் அது. கரையோரக் கடற்பன்றி என்பதே என் தேர்வு.

இதன் கதையெல்லாம் அந்தக் கரையோரத்தில்தான் நடக்கிறது. நீளம் சுமார் ஒன்றரை மீட்டர், எடை 50 முதல் 70 கிலோ. குளிர்நீரில் இவ்வளவு சிறிய உடலைச் சூடாக வைத்திருக்க இரவு பகலாகத் தின்ன வேண்டும். டென்மார்க் கடலில் உடலில் கருவி பொருத்திக் கவனித்தபோது, மணிக்கு 550 சிறு மீன்கள் வரை வேட்டையாடியது தெரிந்தது. அந்த ஆய்வு 2016இல் வெளியானது. சுமார் 1,30,000 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பி, எதிரொலியைக் கேட்டு இரை தேடுகிறது. ஆனால் மீனின் செவுள் சிக்கும்படி விரிக்கும் செவுள் வலையின் மெல்லிய நைலான் இழையில் எதிரொலி சரியாகத் திரும்புவதில்லை. மாட்டிக்கொண்டால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் இறந்துபோகிறது. வலையில் ‘பிங்கர்’ என்ற ஒலிக்கருவியைக் கட்டினால் பல இடங்களில் இந்தச் சாவு குறைகிறது.

வலைக்குத் தப்பினாலும் நஞ்சு விடுவதில்லை. மின்கருவிகளில் பயன்பட்டு, பல பத்தாண்டுகளுக்கு முன்பே தடைசெய்யப்பட்ட பிசிபி என்ற வேதிப்பொருள்கள் இன்னும் அதன் கொழுப்பில் தேங்குகின்றன. நோய் எதிர்ப்பையும் இனப்பெருக்கத்தையும் கெடுக்கின்றன. தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கும் போகின்றன. வட ஐரோப்பாவின் நடு பால்டிக் கடலில் இன்று எஞ்சியிருப்பவை சில நூறுதான்.

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இதன் உறவான துடுப்பிலாக் கடற்பன்றி வாழ்கிறது. முதுகில் துடுப்பே கிடையாது. அதுவும் கரையை ஒட்டியே வாழ்வது, அதற்கும் செவுள் வலைதான் பெரிய ஆபத்து. கரை ஒதுங்கிய உடலை டால்பின் என்று பதிவு செய்துவிட்டால், எந்த இனம் எங்கே சாகிறது என்ற கணக்கே தப்பாகிவிடும்.