மெயில் காணோமா? கொஞ்சம் கையை எடுங்கள்

ஒரு ஜூலை கடைசி. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நெருக்கடியில் இருந்த ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன். "அண்ணா, தண்டர்பேர்டை அப்டேட் பண்ணோம், மெயில் எல்லாம் போயிடுச்சு." தண்டர்பேர்டு என்பது மெயிலைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துப் படிக்க உதவும் மென்பொருள். போய்ப் பார்த்தால், பழைய மெயில் கணக்கு ஒன்றுகூட இல்லை, பெயர், ஈமெயில், பாஸ்வேர்ட் கேட்டு ஒரு வெற்றுத் திரை நிற்கிறது. "வேற எதையாவது தொட்டியாம்மா?" என்று கேட்டேன். "ரீஸ்டார்ட் மட்டும்தாண்ணா" என்றாள்.

கொஞ்சம் விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அது அப்டேட்டே இல்லை. ஆடிட்டரின் மருமகன் புது செட்டப் ஃபைலை இறக்கி, இருந்த 32 பிட் தண்டர்பேர்டுக்குப் பக்கத்திலேயே 64 பிட் வகையைப் போட்டிருக்கிறார். 2019இல் வந்த 68ஆம் பதிப்பிலிருந்து, தண்டர்பேர்டு எந்த ஃபோல்டரில் நிறுவப்பட்டிருக்கிறதோ அந்த இடத்துக்கென்று தனி புரொஃபைல், அதாவது மெயிலும் கணக்கு விவரமும் செட்டிங்ஸும் சேர்ந்து இருக்கும் ஒரு ஃபோல்டர், வைத்துக்கொள்கிறது. 32 பிட் இருப்பது 'புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86'இல், 64 பிட் இருப்பது வெறும் 'புரோகிராம் ஃபைல்ஸ்'இல். இடம் மாறியதும் புதுக் குடித்தனம் என்று நினைத்து வெறும் புரொஃபைல் ஒன்றைத் திறந்துவிட்டது. பழைய மெயில் எல்லாம் ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்டு, புரொஃபைல்ஸ் என்ற பாதையில் அப்படியே கிடக்கிறது. அங்கே இரண்டு ஃபோல்டர்கள், இரண்டுக்கும் வாயில் நுழையாத பெயர். ஒன்று 14 ஜிபி, இன்னொன்று 40 எம்பி. எது நம்முடையது என்று சொல்லவா வேண்டும்!

ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், அதற்குள் 'அபவுட் புரொஃபைல்ஸ்', அங்கே பழையதை டிஃபால்ட் ஆக்கிவிட்டு மூடித் திறந்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

இந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பதற்றத்தில் நாம் என்ன செய்துவைக்கிறோம் என்பதுதான் என் பயமே. இன்னொரு கடையில், சி டிரைவில் இடம் இல்லை என்று அந்தப் பெரிய ஃபோல்டரையே ஷிஃப்ட் டெலீட் அடித்திருந்தார்கள். கணக்கு பாப் வகை, அதாவது மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் வகை, சர்வரிலும் பிரதி இல்லை. அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்பியதைத் தவிர நான் செய்தது ஒன்றுமில்லை. சிலர் பழைய பதிப்பையே மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். அது இன்னும் மோசம், புதிய பதிப்பு ஒருமுறை திறந்த புரொஃபைலைப் பழையது ஏற்காமல் இன்னொரு வெறும் புரொஃபைலை உருவாக்கச் சொல்லும், உருவாக்கிவிட்டால் அப்புறம் மூன்று ஃபோல்டரில் தேட வேண்டும்.

வெற்றுத் திரையில் விவரம் கொடுத்துப் புதிதாக அமைத்தாலும் சிக்கல்தான். ஜிமெயில் என்றால், 2022 மே 30க்குப் பிறகு சாதாரண பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளி மென்பொருளை உள்ளே விடுவதில்லை. கூகுள் லாகின் திரை வழியாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் இந்த மாதிரி மென்பொருளுக்கென்றே கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும். 'சரியாத்தானே போட்டேன்' என்று பத்து தடவை தட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சொந்த டொமைன் என்றால் சர்வர் பெயர், போர்ட் எண் எல்லாம் கேட்கும். மெயில் சர்வரிலேயே இருக்கும் ஐமேப் வகைக்கு 993, பாப்புக்கு 995, அனுப்ப 465 அல்லது 587 என்பதுதான் வழக்கம். பாஸ்வேர்ட் நினைவில்லை என்றால் பழைய புரொஃபைலைத் திறந்து செட்டிங்ஸில் 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' பாருங்கள், அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த அலுவலகத்திலும் நான் போவதற்குள் அந்தப் பெண் வேறொரு கம்ப்யூட்டரில் முதலாளியின் பாப் கணக்கைப் புதிதாக அமைத்து, 60 மெயிலை அதில் இறக்கிவிட்டாள். சர்வரில் பிரதி வைக்கும் டிக்கையும் எடுத்திருந்தாள். நல்லவேளை, தண்டர்பேர்டில் வழக்கமாக மொத்த இன்பாக்ஸும் எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒற்றை ஃபைலில் இருக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதை நகலெடுத்து, 'ஜூலை' என்று பெயர் மாற்றி, பழைய புரொஃபைலின் லோக்கல் ஃபோல்டர்ஸுக்குள் போட்டேன். திறந்ததும் இடப்பக்கம் தனி ஃபோல்டராக வந்து நின்றது.

அப்டேட் செய்வதற்கு முன் தண்டர்பேர்டை மூடிவிட்டு, ஆப்டேட்டாவில் இருக்கும் அந்தத் தண்டர்பேர்டு ஃபோல்டரை முழுதாக ஒரு வெளி டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். உள்ளேயே எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறது, ஆனால் 14 ஜிபிக்கு அதை நம்பி உட்கார மாட்டேன்.

கிளம்பும்போது, "அந்த 40 எம்பி ஃபோல்டரை அழிச்சிடட்டுமாண்ணா?" என்றாள். ஒரு மாசம் கிடக்கட்டும் என்றேன்.